லிஃப்ட் கதவு போட்ட தோட்டம்

என் அக்கா வீட்டுக்காரரின் தோட்டத்துக்குள் போவதற்கு முதலில் ஒரு லிஃப்ட் கதவைத் திறந்தாக வேண்டும். எப்போதோ இடித்துவிட்ட கட்டடத்திலிருந்து வந்த இரும்பு மடிப்புக் கதவு அது. இழுத்தால் கரகரவென்று சுருங்கும். அதற்குப் பின்னால் மாமா நிற்பார். எத்தனையாவது மாடிக்கு என்று கேட்பாரோ என்று தோன்றும். அவர் கேட்பது வேறு.

"பையில என்ன?"

வெளியிலிருந்து எதுவும் உள்ளே வரக்கூடாது என்பது அவருடைய சட்டம். உப்பும் மருந்து மாத்திரையும் மட்டும் விலக்கு. சூரிய மின்தகடு, தண்ணீர்த் தொட்டி, அவருடைய மூக்குக் கண்ணாடி எல்லாம் சட்டம் வருவதற்கு முன்பே உள்ளே வந்துவிட்டவை. அவற்றின் குடியுரிமையை யாரும் கேள்வி கேட்க முடியாது. ஞாயிற்றுக்கிழமைதோறும் நான் போவேன். என் பையை அவர் தலைகீழாகப் பிடித்துப் பார்ப்பார். பிஸ்கட் பாக்கெட் வெளியே நிற்கும். பேனா வெளியே நிற்கும். ஒருமுறை ஒரு கவிதைப் புத்தகம் இருந்தது. புரட்டினார், முகர்ந்தார்.

"காகிதந்தானே. மக்கும். உள்ளே எடுத்துட்டுப் போ."

அந்தக் கவிஞருக்குக் கிடைத்த விமர்சனங்களில் அதுதான் சுருக்கமானது.

பிறகு கை கழுவ வேண்டும். எல்லோருமல்ல, நான் மட்டும். நான் உரக்கடையில் வேலை செய்கிறவன். கதவுக்கு வெளியே ஒரு மண்தொட்டி, பக்கத்தில் சாம்பல். முழங்கை வரை தேய்த்துக் கழுவினால்தான் உள்ளே விடுவார்.

"விஷம் விக்கிற கை மாப்ளே. தப்பா நினைக்காதே."

தப்பாக நினைக்காமல் கழுவுவேன். எனக்குக் கூச்ச சுபாவம். கோபம் வந்தாலும் அது வீட்டுக்குத் திரும்பும் பேருந்தில்தான் வரும்.

மாமா பதினெட்டு வருஷம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர். ஒரு நாளைக்கு அறுபது மாடி ஏறி இறங்கி எங்கேயும் போய்ச் சேராதவர். அந்த வேலையை ஏன் விட்டார் என்பதை மாதத்தில் ஒரு ஞாயிறு தோட்டத்தில் நடத்துகிற இயற்கை வேளாண்மை வகுப்புக்கு வருகிறவர்களிடம் சொல்வார். அவரே பழுது பார்த்த லிஃப்டில் அவரே நான்கு மணி நேரம் மாட்டிக்கொண்டாராம். இருட்டில் தொங்கியபடி யோசித்தாராம்: 'யாரோ செய்த கம்பி, யாரோ அனுப்புகிற கரண்ட், நடுவிலே நான் யார்?' கதவு திறந்தபோது வேறு மனிதராக வெளியே வந்தாராம். இந்த இடத்தில் வகுப்பில் யாராவது ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொள்வார்.

அக்காவின் கணக்குப்படி அது நாற்பது நிமிஷம். கரண்ட் போயிருந்தது. கையால் திறக்கிற சாவி கீழே டூல்ஸ் பையில் இருந்தது. பையைக் கீழே மறந்து வைத்துவிட்டு மேலே போனவர் மாமா.

ஊருக்கு வெளியே அறுபது சென்ட் கல்லாங்காட்டை வாங்கினார்கள். நிரந்தர வேளாண்மை, தன்னிறைவு வாழ்க்கை என்று அவர் பேசினார். அக்கா கல் பொறுக்கினாள். சரிவுக்குக் குறுக்கே வாய்க்கால் எங்கே வெட்ட வேண்டும் என்று அவர் மூன்று கழிகளைக் கட்டி மட்டம் பார்த்துக் கோடு போட்டார், அக்கா வெட்டினாள். கோழிக்கூண்டுக்குச் சக்கரம் வைத்து, தினம் ஒரு பாத்தியாக நகர்த்தினால் கோழியே உழுது உரமும் போடும் என்று படம் வரைந்தார். படத்தில் கூண்டை நகர்த்துகிற ஆளை வரையவில்லை. மண்சுவர் வீட்டில் சமையலறை, ஒரு படுக்கையறை, மாமாவின் வரைபடங்கள் தொங்குகிற ஒரு கூடம். மரத்தூள் போட்டு மூடுகிற மக்குக் கழிப்பறை பின்னால். அதன் வாளியை யார் காலி செய்வது என்று நான் கேட்டதில்லை. அக்காவின் நடையைப் பார்த்தாலே தெரியும்.

ஒரு நியாயம் சொல்ல வேண்டும். ஆறு வருஷத்தில் அந்தக் கல்லாங்காடு கறுத்தது. மண்ணை அள்ளினால் கையில் ஒட்டியது. அதற்குக் காரணம் மூடாக்கு: காய்ந்த இலை, வைக்கோல், சாணம் என்று மண்ணை வெறுமையாக விடாமல் போர்த்திக்கொண்டே இருப்பது. அத்தனைக்கும் அறுபது சென்டில் இலை ஏது, சாணம் ஏது? இங்கேதான் சட்டத்தில் ஒரு ஓட்டை.

"கழிவு வெளிப்பொருள் கிடையாது மாப்ளே. அது அனாதை. நாம தத்து எடுத்துக்கறோம்."

என் பேனா அனாதை இல்லையாம்.

அக்காவுக்கு என்று அந்தத் தோட்டத்தில் இருந்தது ஒரு பந்தல் அவரை. அதன் விதை தோட்டத்தைவிடப் பழையது. அவர்கள் ஃபிளாட்டில் மூன்றாவது மாடியில் இருந்தபோது, எதிர்வீட்டைக் காலி செய்துகொண்டு போன நர்ஸ் ஒருத்தி, "குப்பையில போட மனசு வரலக்கா" என்று ஒரு பிடி விதையைக் கொடுத்துவிட்டுப் போனாள். வெள்ளை விதை, ஒரு பக்கம் மட்டும் தேன் நிறத்தில் புள்ளி. அக்கா பிளாஸ்டிக் வாளியில் போட்டாள். பால்கனிக் கம்பியில் ஏறியது. அப்போதிருந்து ஒவ்வொரு பட்டத்திலும் முதலில் காய்க்கிற செடிகளில் சிவப்பு நூல் கட்டி, அந்தக் காய்களைச் சமைக்காமல் முற்றவிட்டு விதைக்கு எடுப்பாள். முதல் வருஷம் மூன்று மாதத்தில் பூத்தது, ஆறாவது வருஷம் ஏழு வாரத்தில் பூத்தது. இதை அவள் எந்த வகுப்பிலும் சொன்னதில்லை. கேட்டால், "சும்மா, முந்திக் காய்ச்சதை எடுத்து வச்சேன்" என்பாள்.

அந்த விதையை மூடி இறுகிய எவர்சில்வர் டப்பாவில் வைத்திருந்தாள். போன வருஷம் மாமா அதைப் பார்த்துவிட்டார்.

"விதைக்கு உயிர் இருக்கு. அதைப் போய்த் தகரத்துல அடைச்சு வச்சிருக்கியே. மண்பானை மூச்சு விடும். அதுல மாத்து."

மாற்றினாள். பானை மூச்சு விட்டது. வண்டும் வசதியாக மூச்சு விட்டது. அடுத்த பட்டத்துக்குத் திறந்தபோது முக்கால் பானை ஓட்டை விழுந்த மாவு. பொறுக்கியதில் முழுசாகக் கிடைத்தவை நூற்றுப்பத்து விதைகள். சாரலும் ஈரமுமாகப் பட்டம் கூடி வந்திருந்ததால் ஒன்றைக்கூட மிச்சம் வைக்காமல் அத்தனையையும் ஊன்றிவிட்டாள்.

"இது போச்சுன்னா அவ்வளவுதான்டா" என்று என்னிடம் சொன்னாள். வருத்தமாகச் சொல்லவில்லை. நாற்று விடுகிற குழித்தட்டு எங்கே என்று கேட்பதுபோல் சொன்னாள். அதனால்தான் எனக்குப் பயமாக இருந்தது.

அதே வாரம் மாமா ஒரு பெரிய அனாதையைத் தத்தெடுத்தார். பக்கத்துப் பால் பண்ணையிலிருந்து டிராக்டரில் மூன்று நடை மக்கிய சாணம். பண்ணைக்காரருக்கு இடம் காலியானதில் சந்தோஷம். மாமாவுக்கு உலகத்தைக் காப்பாற்றிய சந்தோஷம். எல்லாப் பாத்தியிலும் ஒரு கை உயரம் போட்டார். அக்காவின் அவரைப் பாத்திக்கும்.

"அதுக்கு வேண்டாங்க. அது இருக்கற மண்ணுலயே நல்லா வரும்."

"நீ பயப்படாதே. சாணம் யாரையும் கெடுத்ததா சரித்திரமே இல்லை."

மூன்றாவது ஞாயிறு நான் போனபோது அவரை முளைத்து முழ உயரம் வந்திருந்தது. ஆனால் கொழுந்து விரியவில்லை. இலை கிண்ணம்போல் குவிந்து, ஓரம் சுருண்டு, குழந்தை கையை இறுக்கி மூடிக்கொண்டதுபோல் இருந்தது. தண்டு தடித்து முறுக்கிக்கொண்டிருந்தது. தக்காளியிலும் அதே சுருட்டல். பக்கத்திலேயே சோளம் மட்டும் தடியாக, பச்சையாக, வெட்கமே இல்லாமல் நின்றது.

மாமா நோயைக் கண்டுபிடித்து வைத்திருந்தார். "சோப்புத் தண்ணி."

அக்கா துணி துவைக்கிற கல்லிலிருந்து தண்ணீர் ஒரு சின்னக் கால்வாயில் அவரைப் பாத்தியின் ஓரமாகப் போகும். அவரே வெட்டச் சொன்ன கால்வாய்தான். அன்றிலிருந்து சோப்பு தடை. மூன்று வாரம் அக்கா சாம்பலில் துணி துவைத்தாள். விரல் இடுக்கெல்லாம் வெடித்து, சோறு பிசையும்போது முகத்தைச் சுளித்தாள். செடி இன்னும் சுருண்டது.

அந்தச் சுருட்டலை நான் வேறு எங்கோ பார்த்திருக்கிறேன் என்று பேருந்தில் வரும்போது உறுத்திக்கொண்டே இருந்தது. திங்கட்கிழமை காலை கடையைத் திறந்ததும் ஞாபகம் வந்தது. எங்கள் கடையில் புல்வெளிக்கு அடிக்கிற களைக்கொல்லி ஒன்று உண்டு. புல்லை விட்டுவிட்டு அகல இலைச் செடிகளை மட்டும் கொல்லும். கூடவே ஒரு துண்டுப்பிரசுரம் வரும். யாரும் படிப்பதில்லை, நான்தான் எதையும் படித்துத் தொலைப்பவன். 'இம்மருந்து தெளித்த புல்லை உண்ட கால்நடைகளின் சாணத்தை அவரை, தக்காளி போன்ற பயிர்களுக்கு இடக்கூடாது.' பக்கத்தில் படம். சுருண்ட கை.

மாடு தின்று, செரித்து, சாணமாகி, மக்கி, அதற்குப் பிறகும் சாகாத மருந்து. மழைக்கு முன்னால் பால் பண்ணைக்காரருக்கு அதை எடுத்துக் கொடுத்தவன் நான்தான். "புல்லுக்கு ஒண்ணும் ஆகாதே தம்பி?" என்றார். "புல்லுக்கு ஆகாதுண்ணே" என்றேன். சரியான பதில்தான். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்வது என் பழக்கம்.

அடுத்த ஞாயிறு வகுப்பு நாள். பதினைந்து பேர் வந்திருந்தார்கள். அவர்களுடைய கார்கள் வெளியே நின்றன. தண்ணீர்ப் பாட்டில்கள் லிஃப்ட் கதவுக்கு வெளியே வரிசையாக, அபராதம் கட்டப் போகிறவர்கள்போல் நின்றன. மாமா அவரைப் பாத்தி அருகே நின்று சோப்பு என்னும் நாகரிகத்தின் கேட்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். அக்கா பின்னால் நின்றிருந்தாள், விரல்களைப் புடவைக்குள் மறைத்துக்கொண்டு.

நான் வாயைத் திறந்தேன். "மாமா, இது வந்து... மருந்தா இருக்குமோன்னு..."

"என்ன மாப்ளே, உங்க கடையில இதுக்கும் ஒரு பாட்டில் இருக்கா?"

பதினைந்து பேரும் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். இப்போது நினைத்தாலும் எனக்கு மாமாவைவிட அந்தச் சிரிப்பின் மேல்தான் அருவருப்பு அதிகம். ஏனென்றால் அன்றைய செய்முறைப் பயிற்சி, 'வாடிய செடிக்கு ஊட்டம் கொடுத்தல்.' பதினைந்து பேரும் வரிசையாக நின்று, கூடை கூடையாக அதே சாணத்தை அக்காவின் அவரைக்கு இரண்டாவது முறையாகப் போட்டார்கள். போட்டோ எடுத்துக்கொண்டார்கள்.

எல்லோரும் போன பிறகு துவைக்கிற கல்லருகே அக்காவிடம் சொன்னேன். முழுதாகக் கேட்டாள்.

"அப்பவே சொல்ல வேண்டியதுதானேடா?"

"சிரிச்சுட்டாங்கக்கா."

"சிரிச்சா என்ன, உன் பல்லு கொட்டிடுமா?"

நான் கல்லின் ஓரத்தை நகத்தால் சுரண்டினேன்.

"நல்லா இருக்குடா. அவர் வாயை மூட மாட்டார், நீ திறக்க மாட்டே. நடுவுல என் செடி."

"இப்பப் போய்ச் சொல்லட்டுமா?"

"நீ சொன்னா உரக்கடைப் பேச்சு. நான் சொன்னா அடுப்படிப் பேச்சு. அவர் கண்ணால பார்க்கணும். அதுக்கு ஏதாவது வழி இருந்தா சொல்லு."

வழி அதே துண்டுப்பிரசுரத்தின் பின்பக்கத்தில் இருந்தது: சந்தேகமான சாணத்தில் விதை ஊன்றிப் பார்ப்பது. சமையலறையில் கிடந்த ஒரு பழைய டிபன் பாக்ஸில் அக்கா சாணத்தை அமுக்கி நிரப்பினாள். வேலியோரத்தில் சாணம் படாத மண்ணை ஒரு துணிப்பையில் கட்டினாள். கதவருகே வந்ததும் பையை முதுகுப் பக்கம் தள்ளிக்கொண்டேன். அப்போதுதான் ஒன்று தெரிந்தது. உள்ளே வருகிற பையைத்தான் மாமா சோதிப்பார். வெளியே போவதை அவர் ஒருநாளும் பார்த்ததில்லை. வெளியே போவதற்கு இங்கே என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது.

என் அறை ஒரு மொட்டை மாடியில். ஆறு தகர டப்பாக்களில் வேலியோர மண்ணை நிரப்பினேன். மூன்றில் மட்டும் சாணத்தையும் கலந்தேன். மளிகைக் கடையில் சமையலுக்கு விற்கிற மொச்சையை ஒரு டப்பாவுக்கு மூன்றாக ஊன்றினேன். பதினெட்டாம் நாள் சாணம் கலந்த மூன்றிலும் கை மூடிக்கொண்டது. மற்ற மூன்றில் இலை உள்ளங்கைபோல் விரிந்து வெயிலைப் பார்த்தது.

அடுத்த வகுப்பு ஞாயிறு அவற்றை ஒரு அட்டைப் பெட்டியில் வைத்துத் தூக்கிக்கொண்டு போனேன். மாமா கதவை ஒரு சாண்தான் திறந்தார்.

"என்ன இது?"

"செடி மாமா."

"வெளி மண்ணு. உள்ளே வராது."

"உங்க மண்ணுதான் மாமா."

"வெளியே போயிட்டு வந்திருக்கு இல்ல? எங்கெங்க நின்னுச்சோ."

தன் சாணத்துக்கே அனுமதி மறுத்த மனிதரை நான் அன்றுதான் பார்த்தேன். பின்னாலிருந்து அக்கா வந்தாள். கதவை முழுக்க இழுத்தாள். கரகரவென்ற அந்தச் சத்தத்தில் வகுப்பு முழுக்கத் திரும்பியது. பெட்டியை என்னிடமிருந்து வாங்கி, வெளியே நின்ற ஒரு காரின் மூக்கின் மேல் ஆறு டப்பாவையும் வரிசையாக வைத்தாள்.

"ஏங்க, வெளியவே இருக்கட்டும். நீங்க வாங்க."

"வகுப்பு நடக்குது..."

"வகுப்பையும் கூட்டிட்டு வாங்க."

வந்தார்கள். அவள் குரலை உயர்த்தவில்லை.

"ஆறுலயும் நம்ம வேலியோர மண்ணு. இந்த மூணுல நீங்க கொண்டாந்த சாணம் கலந்திருக்கு. ஒரே விதை, ஒரே வெயில், ஒரே தண்ணி. சோப்பு ஒரு சொட்டு இல்லை. பார்த்துக்கோங்க."

வகுப்புக்கு வந்த ஒரு டீச்சரம்மா குனிந்து பார்த்தார். "அவரைப் பாத்தியில இருக்கறது மாதிரியே சுருண்டிருக்கே!"

"சோளத்தைப் பாருங்க, எப்படி நிக்குது!" என்றார் மாமா. "சாணத்துல குத்தம்னா சோளம் நிக்குமா?"

அக்கா என்னைப் பார்த்தாள். நான் வாயைத் திறக்கும்வரை பார்த்தாள்.

"சோளம் புல்லு ஜாதி மாமா" என்றேன். "அந்த மருந்து புல்லை ஒண்ணும் பண்ணாது. மாட்டுக்குப் போட்ட புல்லுல அடிச்ச மருந்து. நான்தான் வித்தேன்."

யாரும் சிரிக்கவில்லை. மாமா டப்பாக்களை இப்படியும் அப்படியும் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஒரு மனிதர் தோற்கப்போகிறார் என்று நினைத்து எனக்குச் சங்கடமாகக்கூட இருந்தது. வீண் சங்கடம். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வகுப்பைப் பார்த்துத் திரும்பினார்.

"இதைத்தான் இன்னைக்கு நான் சொல்ல வந்தேன். கழிவைத் தத்தெடுக்கறதுக்கு முன்னாடி சோதிக்கணும். ஆறு சட்டி. எழுதிக்கோங்க."

எழுதிக்கொண்டார்கள். இப்போது அது 'ஆறு சட்டி முறை.' அதற்கென்று தனிப் படம் கூடத்தில் தொங்குகிறது. லிஃப்டில் தொங்கியபோதே இந்த யோசனையின் விதை விழுந்ததாகப் போன மாதம் சொன்னாராம்.

சாணத்தை வழித்து எடுக்க அக்காவுக்கும் எனக்கும் நான்கு ஞாயிறு ஆனது. மாமா எந்தப் பக்கத்திலிருந்து வழிப்பது சரி என்று சொன்னார். அவரைப் பந்தலில் உயிர் பிழைத்தவை இரண்டே செடிகள். இரண்டும் துவைக்கிற கல்லை ஒட்டியவை. அங்கே தள்ளுவண்டிச் சக்கரம் போகாது. கூடையைத் தூக்கிக்கொண்டு பத்தடி நடக்க மாமாவும் சோம்பல்பட்டார், வகுப்பும் சோம்பல்பட்டது. ஆக, எந்தச் சோப்புத் தண்ணீரைக் குடித்துச் செடி சாகிறது என்று மாமா சொன்னாரோ, அந்தத் தண்ணீரைக் குடித்த இரண்டு மட்டும் பூத்தன. அக்கா இரண்டிலும் சிவப்பு நூல் கட்டினாள். ஒரு காயைக்கூடச் சமைக்கவில்லை. முப்பத்தெட்டு விதை.

அவற்றை மாமா பார்க்கும்படியே எவர்சில்வர் டப்பாவில் போட்டு மூடியை இறுக்கினாள். டப்பா என் பையில் ஏறியது. லிஃப்ட் கதவைத் தாண்டியது. வழக்கம்போல் யாரும் சோதிக்கவில்லை.

இப்போது அவை என் மொட்டை மாடியில், பிளாஸ்டிக் வாளிகளில், கடையில் வாங்கிய மண்ணில் நிற்கின்றன. வாரம் இரண்டு நாள் அக்கா பேருந்து பிடித்து வருகிறாள். ஏழு வருஷம் கழித்து மறுபடி வாளிக்கே வந்துவிட்டோமே என்று நான் சொன்னபோது, "வாளி என்னடா பாவம் பண்ணுச்சு?" என்றாள். விரல் வெடிப்பு ஆறியிருந்தது.

பூத்து, காய்த்து, முற்றிய சமயத்தில் ஒரு ஞாயிறு மாமாவே வந்தார். நான்கு மாடி. லிஃப்ட் இருந்தது. ஏறாமல் படியிலேயே வந்து, வாசலில் நின்று மூச்சு வாங்கினார். கையில் மண்பானை.

"வகுப்புல கேக்கறாங்க. நம்ம அவரை எங்கேன்னு. கொஞ்சம் விதை..."

"வெளியிலேருந்து எதுவும் உள்ளே வரக்கூடாதே" என்றாள் அக்கா, காய் உரித்தபடி.

"இது வெளிப்பொருள் இல்லையே. உள்ளேயிருந்து போனது திரும்பி வருது. அது சுழற்சி."

அக்கா உரித்துக்கொண்டிருந்தாள். மாமா என்னைப் பார்த்தார். கேட்டால் பதில் சொல்லியிருப்பேன், அவர் கேட்கவில்லை.

"பன்னிரண்டு தரேன்" என்றாள் கடைசியில். "உங்க தோட்டத்துல எங்கே வேணா ஊனிக்கோங்க, எப்படி வேணா பேசிக்கோங்க. ஆனா விதை டப்பா இங்கேதான் இருக்கும். எடுக்கறதும் வைக்கறதும் நான்தான்."

"சரி சரி" என்று அவர் உள்ளே காலெடுத்து வைத்தார். வாளிகளின் பக்கம் கையை நீட்டினார்.

"நில்லுங்க" என்றாள் அக்கா. "நேத்து எருமேட்டைக் கிளறினீங்களா?"

"கொஞ்சம்."

"குழாய் அந்தப் பக்கம். சோப்பு இருக்கு. முழங்கை வரைக்கும்."

மாமா பானையைக் கீழே வைத்துவிட்டுப் போய்க் கழுவினார். ஒரு கை கழுவ எவ்வளவு தண்ணீர் வீணாகிறது என்று விளக்கிக்கொண்டே கழுவினார். அக்கா எட்டிப் பார்த்தாள்.

"இன்னொரு தடவை" என்றாள்.